அரை டேங்க்

இரண்டாயிரத்து ஆறு மாடல் பிக்கப்.
இடதுபக்கக் கதவை உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும்.
வைப்பர் போட்டால் ஹாரன் அடிக்கும், சில நாள்.
அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன்.
டீசல் குறைவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கொரடாச்சேரி பங்கில் முழு டேங்க் போடுவோம்.
மூன்றாம் நாள் முள் பாதிக்கு வந்துவிடும்.
ஓடிய கணக்கோ
களத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்கும்
நாலு நடை, ஐந்து நடை.
வண்டியை ஓட்டுபவன் அடைக்கலம்.
வண்டியிலேயே படுப்பவனும் அவன்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மன்னார்குடி போய்
பூட்டு வைத்த டேங்க் மூடி ஒன்று வாங்கிவந்தேன்,
முந்நூற்று எண்பது ரூபாய்.
அவனே திருகி மாட்டினான்.
"சாவி ரெண்டாக்கா?"
"ரெண்டுதான்" என்றேன்,
இரண்டையும் பர்சில் போட்டுக்கொண்டு.

பூட்டிய பிறகும் குறைந்தது.

கூத்தாநல்லூர் சபியுல்லா பட்டறையில்
பில்டரைக் கழற்றினார், வாஷர் மாற்றினார்,
பம்பிலிருந்து டேங்க் வரைக்கும்
ஒவ்வொரு பைப்பாக விரலால் தடவி
விரலைச் சட்டையில் துடைத்துப் பார்த்தார்.
"சொட்டு இல்லம்மா.
வேற எங்கயோ போகுது."
அந்த 'வேற எங்கயோ'வில்
அடைக்கலம் டீ கிளாஸைக் கழுவ எழுந்து போனான்.

மாசி மாதம். நெல்லில் ஈரம் பத்தொன்பது சதம்
என்று மூட்டையைத் திருப்பிவிட்டார்கள்.
ரோட்டில் கொட்டிக் காயவைத்துவிட்டு
கணக்கு நோட்டைப் பிரித்தேன்,
வேறு வேலை இல்லாததால்.
பாதிக்கு மேல் ஓடினால்
லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர்.
பாதிக்குக் கீழே அதே வண்டி பன்னிரண்டு.
ஒரு தடவை அல்ல. ஒன்பது தடவை.

எந்தத் திருடன் சரியாகப் பாதியில் நிறுத்துவான்?

நட்ட வயலில் ராத்திரி கட்டிய தண்ணீர்
விடிந்தால் வடிந்திருக்கும்.
வரப்பெல்லாம் மிதித்துத் தேட மாட்டோம்.
தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றிருக்கிறதோ
அந்த மட்டத்தில்தான் நண்டு வளை.
இது எனக்குப் பத்து வயதில் தெரியும்.
நாற்பத்தாறு வயதில்
சாவி வாங்கியிருக்கிறேன்.

அன்று சாயங்காலமே டேங்கைக் கழுவித் துடைத்தோம்.
ஈரம் காயும்வரை விசிறினான் அட்டையால்.
என் முகப் பவுடர் டப்பாவைக் கொட்டி
அதன் வயிறு, விலா, முதுகு எல்லாம் பூசினான்.
கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல் இருந்தது டேங்க்.
வெண்ணாற்றுக் கரையோரம் பங்குவரை போய்
கழுத்து மட்டும் நிரப்பினோம்.
பட்டறையில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அடியில் மல்லாந்து கிடந்தான்.

நான் அவன் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குதிகால் வெடிப்பில் நெல் உமி.

"ஊறுதுக்கா."
டார்ச்சோடு சொன்னதால் முதலில் புரியவில்லை.

டேங்கைக் கட்டிய இரும்புப் பட்டைக்கு உள்ளே,
பாதி உயரத்தில்,
பதினெட்டு வருடச் சேறும் வைக்கோலும் அடைந்து
துரு தின்ற ஊசி முனை ஓட்டை.
பவுடரில் ஒரு கறுத்த கோடு
சேஸிஸ்மேல் ஏறி, போல்ட்டைச் சுற்றி,
பின்னால் மட்கார்டு வரை போய்
அங்கிருந்து ரோட்டில் விழுந்திருக்கிறது,
ஓடும்போதெல்லாம், ஊரெல்லாம்.

சபியுல்லா துணி சோப்பைப் பிசைந்து அப்பினார்.
அறுவடை முடிந்ததும் டேங்கை இறக்கி
தண்ணீர் விட்டு அலசிப் பற்றவைக்கலாம் என்றார்.
அதுவரை பாதிக்கு மேல் போடாதீங்க.

அடைக்கலம் கையை மண்ணில் தேய்த்துக்கொண்டான்.
என்னைப் பார்க்கவில்லை.
நான் அவனுக்கு ஒரு பரோட்டா பார்சல் வாங்கினேன்,
பிறகு இன்னொன்று.
சொல்ல வேண்டியதை
ஈரப்பதம், மூட்டை, நாளைய டோக்கன் என்று
வேறு வேறாகப் பேசித் தீர்த்தேன்.

பூட்டு இன்னும் அதில்தான் இருக்கிறது.
பங்கில் வண்டியை நிறுத்தியதும்
ஜன்னல் வழியே கையை நீட்டுகிறான்.
பர்சுக்குள் சாவி தேடுகிறேன்,
தேவைக்கு அதிகமான நேரம்.